புது ரூட்டர் உயிரை எடுக்கிறது, திங்கட்கிழமை இன்டர்வியூ, யாராவது உதவுங்கள்

புதுவரவு:
வணக்கம். குடும்பத்தோடு இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வீட்டுக்கு பிராட்பேண்ட் போட்டோம். கம்பெனி கொடுத்த ரூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வைஃபை பெயரே காணாமல் போகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறது. மனைவிக்குத் திங்கட்கிழமை வீடியோவில் இன்டர்வியூ. கஸ்டமர் கேரில் யாரைக் கேட்டாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. வேறு ரூட்டர் வாங்கலாமா, கனெக்‌ஷனையே ரத்து செய்யலாமா? இரண்டு வருஷ ஒப்பந்தம் வேறு. தூக்கமே இல்லை.

டோர்ட்முண்ட்காரன்:
இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1-லிருந்து எந்த ரூட்டர் மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் உரிமை, சட்டமே இருக்கிறது. லாகின் விவரங்களைக் கம்பெனி தந்தே ஆக வேண்டும். நல்ல ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். நான் வந்த புதிதில் இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, முடியாமல் பேங்க் கணக்கு கிடைக்கவில்லை, கணக்கு இல்லாமல் இன்டர்நெட் கிடைக்கவில்லை. நூலக வாசலில் பனியில் நின்றுதான் அம்மாவோடு பேசுவேன். இப்போது வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஸ்கார்பரோ அக்கா:
தம்பி, அவசரப்பட்டு எதுவும் வாங்கிவிடாதீர்கள். சொந்த ரூட்டர் மாட்டினால், நாளைக்குப் பழுது என்று போன் பண்ணும்போது "அது உங்கள் சாமான், எங்களுக்குத் தெரியாது" என்று கை கழுவிவிடுவார்கள். பேஸ்மென்ட் வீடா? நாங்களும் இங்கே கனடாவில் முதலில் பேஸ்மென்டில்தான் இருந்தோம். வாடகையில் இன்டர்நெட்டும் சேர்த்தி என்றார் வீட்டுக்காரர். மேலே அவருடைய பிள்ளைகள் கேம் விளையாடத் தொடங்கினால் கீழே எங்களுக்கு ஒன்றும் வராது. வாடகை பேசும்போதே எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் குளிர் பூட்ஸை இப்போதே வாங்குங்கள், பனி விழுந்த பிறகு நல்ல சைஸ் கிடைக்காது.

வெம்பிளி மாமா:
வாடகையும் பூட்ஸும் கேட்டவர் யார்? தம்பி, நட்டஈடு கேளுங்கள். லைன் வேலை செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் தானாகவே காசு தர வேண்டும் என்று பிரிட்டனில் 2019-லிருந்து ஏற்பாடு இருக்கிறது. இவர்களை விடக்கூடாது. வீட்டுத் தொலைபேசியையும் இப்போது ரூட்டருக்குப் பின்னால் செருகச் சொல்கிறார்கள். 2027 ஜனவரியோடு பழைய செம்புக் கம்பி வழித் தொலைபேசிச் சேவை முடிந்ததாம். கரண்ட் போனால் போனும் போகும். இதற்குப் பெயர் முன்னேற்றம். டெலிபோன் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்து ஊருக்குப் பேசிய காலத்தில் இந்தத் தொல்லை ஏது?

லூட்டன் மருமகள்:
மாமா, அந்தக் கார்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும், பாதியிலேயே அறுந்துவிடும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கஸ்டமர் கேரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, எடுத்ததும் பிறந்த தேதி கேட்பார்கள்.

கேபிள் இழுப்பவன்:
இந்த வேலையே செய்கிறவன் என்பதால் கேட்கிறேன். முதலில், எந்த நாடு? ஜெர்மன் சட்டம் கனடாவில் செல்லாது. ஃபைபரா, பழைய டெலிபோன் கம்பியா? ரூட்டர் எங்கே இருக்கிறது? லேப்டாப்பை வயரில் நேராகச் செருகினாலும் அறுகிறதா? காணாமல் போகும் வைஃபை பெயர் என்ன?

புதுவரவு:
லண்டன், ஈஸ்ட் ஹாம். ஃபைபர்தான். வாசல் பக்கச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து ரூட்டருக்கு வயர். ரூட்டர் மாடிப்படிக்குக் கீழே அலமாரிக்குள், கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில். வயரில் செருகிப் பார்த்தேன், ஒருமுறைகூட அறுந்து போகவில்லை. வைஃபையில் இரண்டு பெயர் வருகிறது. கடைசியில் 5ஜி என்று முடிகிறதே, அதுதான் போய்ப் போய் வருகிறது.

கேபிள் இழுப்பவன்:
அப்படியென்றால் லைனில் கோளாறு இல்லை. வெம்பிளி மாமா சொன்ன காசு, சேவை முழுக்க நின்றுபோய், தகவல் சொல்லியும் இரண்டு முழு வேலை நாளில் சரிசெய்யாவிட்டால்தான். அதுவும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த கம்பெனியாக இருக்க வேண்டும். வைஃபை விட்டுவிட்டு வருவதற்குக் கிடைக்காது.

அந்த 5ஜி மொபைல் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதை எண் போட்ட சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள். 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் தொல்லை இல்லை. 52 முதல் 64 வரையும், 100-லிருந்து மேலே பலவும் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் சிக்னல் மாதிரி ஏதாவது பட்டால் ரூட்டர் உடனே அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதே வகையில் வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். வானிலை ரேடார் இருக்கும் 120 முதல் 128 வரை என்றால் 10 நிமிஷம். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான் என்று நினைக்கிறேன்.

ரூட்டர் அடியில் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பிரவுசரில் போடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு, இரண்டும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். சேனலை ஆட்டோவிலிருந்து 36-க்கு மாற்றுங்கள். சேனல் அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 80 ஆக்குங்கள். இல்லாவிட்டால் 36 போட்டாலும் அது 64 வரை பரவி, திரும்பவும் ரேடார் பக்கம் போய்விடும். மாற்றவே விடாத ரூட்டர் என்றால் மற்ற பெயரில் இணையுங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டும்.

எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமை வைஃபையை நம்பாதீர்கள். வயர் போடுங்கள்.

டோர்ட்முண்ட்காரன்:
நான் அப்போதே சொன்னேனே, வேறு ரூட்டர் என்று.

கேபிள் இழுப்பவன்:
வாங்கலாம். கம்பெனியிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு தேவையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அலமாரியைவிட்டு வெளியே எடுக்காமல் எத்தனை ரூட்டர் மாற்றினாலும் மாடி ரூமுக்கு அரைகுறையாகத்தான் போகும். கம்பெனி கொடுத்த ரூட்டரைப் பெட்டியோடு பத்திரமாக வையுங்கள். ஸ்கார்பரோ அக்கா சொன்னதில் பாதி சரி, பழுது என்றால் அதை மாட்டிக் காட்டச் சொல்வார்கள். ஒப்பந்தம் முடியும்போது திருப்பித் தராவிட்டால் காசும் பிடிப்பார்கள்.

ரத்து செய்வதென்றால், ஆன்லைனிலோ போனிலோ எடுத்த ஒப்பந்தத்துக்கு 14 நாள் இருக்கிறது. பலர் லைன் வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சட்டப்படி ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. இடையில் பயன்படுத்திய நாட்களுக்குக் காசு கேட்கலாம். உங்கள் மெயிலில் தேதி பாருங்கள்.

புதுவரவு:
சேனல் 100, அகலம் 160 என்று இருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். மெயிலைப் பார்த்தேன், 14 நாள் தாண்டிவிட்டது, ரத்து எல்லாம் இனி இல்லை. வயர் எத்தனை மீட்டர் வாங்குவது?

கேபிள் இழுப்பவன்:
படியையும் கதவையும் சுற்றிப் போகும் வழியை டேப்பால் அளந்து, அதற்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குங்கள். கேட் 5இ வகை வயர் போதும். தட்டையான வயர் என்றால் கதவுக்கு அடியில் போகும். லேப்டாப்பில் அந்த வயர் செருகும் துளை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், மெல்லிய லேப்டாப்களில் இருக்காது. இல்லாவிட்டால் யூஎஸ்பி அடாப்டரும் சேர்த்து வாங்க வேண்டும்.