கிக்டவுன் வயர்: இழுப்பதா, மின்சாரம் போவதா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'கிக்டவுன்' என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தேன்: தானியங்கிக் கியர் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் கியர் தானே ஒரு படி இறங்குவது. வந்தவற்றில் 'உதைத்தாழ்வு' முன்னால் நிற்கிறது. எனக்கு உடன்பாடில்லை. மாடு உதைத்து மனிதன் விழுந்ததுபோல் இருக்கிறது. ஆனால் என் கவலை அந்தச் சொல்லைவிட அதன் வாலில் தொங்கும் 'வயர்' பற்றியது.

புதுச்சேரியில் எங்கள் பட்டறைக்கு எழுபதுகளின் கார்வெட் என்ற அமெரிக்கக் கார் ஒன்று வந்திருக்கிறது. கியர்ப்பெட்டிக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறது. கசிவை அடைக்கும் கேஸ்கட்டும் வடிகட்டியும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்தப் பத்தாண்டில் கார்வெட்டுக்கு டர்போ ஹைட்ரமேட்டிக் 400, 350 என இரண்டு தானியங்கிப் பெட்டிகள் வந்தன. இரண்டுக்கும் மூன்று கியர். இரண்டிலும் சேம்பரை, அதாவது அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டை, பிடித்திருப்பவை 13 போல்ட்டுகள். பழைய பவர்கிளைடு பெட்டி என்றால் 14, 1982இல் வந்த 700ஆர்4 என்றால் 16, எண்ணினாலே தெரிந்துவிடும். இங்கே எண்ணிப் பயனில்லை.

அதனால் விற்பவர் தொலைபேசியில் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: "கிக்டவுன் வயர் இருக்கிறதா?" வண்டிக்கு அடியில் படுத்திருந்த தம்பி, "இருக்கிறது அண்ணா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. 350இல் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து இழுபடும் கேபிள் ஒன்று பெட்டியின் வலப்புறம் வந்து நுழையும். 400இல் அது கிடையாது. மிதியை முழுதாக அழுத்தினால் ஒரு சுவிட்ச் இணைந்து, இடப்புறத்து மின்கம்பி வழியாகப் பெட்டிக்குள் இருக்கும் சொலினாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகும், கியர் இறங்கும். நம் ஊரில் சைக்கிள் பிரேக்கில் இருப்பதும் வயர், பல்புக்குப் போவதும் வயர்.

வந்து இறங்கியது 350இன் கேஸ்கட். சேம்பரைக் கழற்றித் தரையில் மல்லாத்தி அதன்மேல் வைத்துப் பார்த்தோம். கேஸ்கட், சதுரத்தின் ஒரு மூலையை மட்டும் அரிவாளால் சீவியதுபோல் ஒழுங்காக இருந்தது. எங்கள் சேம்பரோ கரண்டி பிசகி ஊற்றிய தோசை. நாலைந்து துளைகள் ஒன்றின்மேல் ஒன்று வந்தன, மற்றவை வெட்டவெளியைப் பார்த்தன. 400 என்று அப்போதுதான் புரிந்தது. வடிவத்தைக் கேட்டிருந்தாலே போதும், யாரும் கேட்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: செயலுக்குப் 'படியிறக்கம்'. 350இல் இருப்பது 'படியிறக்கு வடம்', 400இல் இருப்பது 'படியிறக்கு மின்கம்பி'. 'மிதித்திறக்கம்' என்றும் எழுதிப் பார்த்தேன். அதை மிதி, திறக்கம் என்று பிரித்துப் படித்துவிட்டுத் தம்பி கதவைத் தேடினான்.

—

தம்பி, வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன்.

'படி' பிடித்திருக்கிறது. ஓட்டுநர் தானே கியரை இறக்கினாலும் அது படியிறக்கம்தானே என்று ஒருவர் கேட்பார்; அதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். 'வடம்' மட்டும் இடிக்கிறது. வில்லியனூர்த் தேரில் ஊரே கூடிப் பிடித்து இழுப்பது வடம். உங்கள் கேபிள் சுண்டுவிரல் பருமன்கூட இராது. 'இழுகம்பி' என்றால் என்ன?

இன்னொன்று. எஞ்சினுக்கும் தானியங்கிப் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் 'டார்க் கன்வர்ட்டர்' என்பதற்கு யாரோ 'முறுக்குத் திரிப்பான்' என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் தீபாவளிப் பலகாரம் நினைவுக்கு வந்தது. மின்மாற்றி நிலைத்துவிட்ட சொல். அதே வார்ப்பில் 'முறுக்குமாற்றி' போதாதா? மின்மாற்றி அழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் குறையும். இதுவும் வண்டி புறப்படும்போது சுழல்வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டித் தருகிறது. வேலையும் ஒத்துவருகிறது.

—

ஐயா, முறுக்குமாற்றியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இழுகம்பி வேண்டாம். 'கம்பி' இரண்டு பக்கமும் வந்தால் தம்பி மறுபடியும் "இருக்கிறது அண்ணா" என்பான். வடம் பருமனாகத்தான் இருக்க வேண்டுமா? கழுத்தில் போடும் முத்துவடம் என்ன தேர்வடமா? ஓட்டுநர் தானே இறக்குவதைப் பற்றி: அதைக் 'கையிறக்கம்' என்று வைத்துக்கொண்டால், படியிறக்கத்தை இதற்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 400இன் கேஸ்கட்டுக்கும் சொல்லியாயிற்று. இந்த முறை சேம்பரைப் படம் பிடித்து அனுப்பினேன்.