மறு: நாக்கு எடையா, முன்பாரமா? (இழுவை வீட்டுச் சொற்பட்டியல்)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இங்கே இரண்டு நாளாக மழையும் மின்வெட்டும். அதனால்தான் இழுவை வீட்டுக்கு, அதாவது வாகனத்தின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சில்லு வைத்த வீட்டுக்கு (கரவன்), நாம் போடும் சொற்பட்டியல் பற்றிய பதில் பிந்திவிட்டது.

> கொண்டியின் (இழுவை வீட்டை வாகனத்தில் மாட்டும் முன்முனை) மேல் இறங்கும் சுமையை ஆங்கிலத்தில் 'நாக்கின் எடை' என்றுதான் சொல்கிறார்கள். நாமும் 'நாக்கு எடை' என்றே வைத்துக்கொண்டு பட்டியலை இந்த வாரமே முடித்துவிடலாமே?

மதுரை நண்பரே, பட்டியலில் மற்ற எதையும் விட்டுக்கொடுப்பேன். 'முன்பாரம்' என்ற இந்த ஒரு சொல்லை மட்டும் விட மனமில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன டிசம்பரில் எங்கள் இழுவை வீட்டை பண்டாரவளையிலிருந்து வெல்லவாயப் பக்கம் கொண்டுபோனோம். ஒற்றை அச்சு, இரண்டு சில்லு, உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு. சாமான் எல்லாம் ஏற்றினால் 700 கிலோ வரும். இழுப்பது பழைய டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்). புறப்படும்போது தம்பி பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியை வாய் முட்ட நிரப்பினான், 60 லீட்டர். அச்சுக்கு நேர் மேலே இருந்த காஸ் சிலிண்டரையும் ஸ்பெயார் டயரையும் கடைசி மூலைக்குத் தள்ளினோம். உள்ளே நடக்க இடம் வேண்டும் என்பதுதான் காரணம்.

பெரகலை தாண்டி இறக்கத்தில் வீடு வால் வீசத் தொடங்கியது. முதலில் ஒரு சின்ன அசைவு. அடுத்தது அதைவிடப் பெரிது, அதற்கடுத்தது இன்னும் பெரிது. கெப்பின் பின்பக்கத்தையே பிடித்து ஆட்டியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஸ்டியரிங்கை வெட்டவில்லை, பிரேக்கை ஏறி மிதிக்கவில்லை. நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் இறங்க இறங்க ஆட்டமும் அடங்கியது. கொஸ்லந்தையில் நிறுத்தி, கை நடுக்கம் தீர ஒரு பிளேன்டீ குடித்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

அச்சிலிருந்து கொண்டி 2.4 மீட்டர் முன்னால். தொட்டி அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால். சீசோப் பலகை மாதிரிதான்: பின்னால் ஏறிய 60 கிலோ தண்ணீர், முன்னால் கொண்டியிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிட்டது. சிலிண்டரும் டயரும் சேர்த்து 40 கிலோ, 1.5 மீட்டர் பின்னால், அதனால் இன்னொரு 25 போயிற்று. தொட்டி வெறுமையாக இருந்தபோது கொண்டியில் நிறுத்துப் பார்த்தது 65 கிலோ. மிஞ்சியது 10. அமெரிக்கக் கையேடுகள் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொண்டியில் இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் வண்டிகளின் கட்டமைப்பே வேறு, அங்கே பொதுவாக 5 முதல் 7 வீதம். எங்களிடம் இருந்ததோ ஒன்றரை வீதம்கூட இல்லை.

புறப்படுகிற நேரத்தில் "நாக்கு எடை குறைஞ்சிரும்" என்று நான் சொல்லியிருந்தால் தம்பிக்கு என்ன விளங்கியிருக்கும்? "பின்பாரம் ஆகிரும்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனே குழாயை மூடியிருப்பான். அவன் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால் மூன்று தலைமுறையாக வண்டியும் லொறியும் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை.

எங்கள் தாத்தா அப்புத்தளை ஸ்டேசனிலிருந்து தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்காரர். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பாராம். லேசாக எழும்பினால் இரண்டு மூட்டையை முன்னுக்கு இழுத்துப் போடுவார். பின்பாரமான வண்டி ஏற்றத்தில் நுகத்தை மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கிவிடும். முன்பாரம் மிஞ்சினாலோ இறக்கத்தில் சுமை முழுவதும் மாட்டின் பிடரியில் உட்காரும். 1867இல் கண்டிக்கு ரயில் வருமுன் மலைநாட்டுக் கோப்பி மூட்டைகள் கொழும்புக்கு இறங்கியது கடுகண்ணாவை வழியாக மாட்டு வண்டிகளில்தான். அந்த வண்டிக்காரர்களுக்கு நாம் இன்று கணக்குப் போட்டுப் பார்ப்பது கையளவில் தெரிந்திருந்தது. கொண்டி என்பது நுகத்தடி, கெப் என்பது மாடு. இடம் அதே இடம், வினை அதே வினை. சொல் மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

இன்னொரு காரணம் பாடசாலையோடு சேர்ந்தது. 'எடை' வேண்டாமென்றால் 'முன்நிறை' என்று வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டுப் பௌதிகப் புத்தகத்தில் நிறை என்பது பொருளின் அளவு, அதைப் புவி இழுக்கும் விசை எடை. இலங்கைப் புத்தகத்தில் பொருளின் அளவு திணிவு, புவி இழுக்கும் விசைதான் நிறை. ஒரே சொல்லுக்கு பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இரண்டு பொருள். நாம் பட்டியலில் 'நிறை' என்று எழுதினால் மதுரையில் ஒன்றாகவும் மாத்தளையில் ஒன்றாகவும் வாசிப்பார்கள். 'பாரம்' எந்தப் பாடப்புத்தகச் சண்டையிலும் சிக்காத சொல், பாரவூர்தியில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து ஐயா கேட்டது நியாயமான கேள்வி:

> வண்டிக்காரர் வாயில் முன்பாரம் என்பது ஒரு குறை. 'வண்டி முன்பாரமாக் கிடக்கு' என்றால் சரியில்லை என்று பொருள். அதை ஒரு அளவின் பெயராக வைக்கலாமோ?

வைக்கலாம் ஐயா. 'கிணறு ஆழம்' என்றால் எச்சரிக்கை, 'ஆழம் 30 அடி' என்றால் அளவு. நீளம், உயரம் எல்லாம் இப்படி இரண்டு வேலையும் செய்கின்றன. 'முன்பாரம் 65 கிலோ', 'முன்பாரம் காணாது', 'முன்பாரம் கூடிப்போச்சு' என்று வாயில் வைத்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. அளவு பூச்சியத்துக்குக் கீழே போய் கொண்டியை மேலே தூக்கும் நிலைக்கு 'பின்பாரம்' என்று பெயரும் தயாராக இருக்கிறது. 'நாக்கு எடை'யை எடுத்தால் அதன் எதிர்ப்பக்கத்துக்கு என்ன பெயர் வைப்போம்?

மற்றச் சொற்களில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. வண்டி ஆடுவதற்கு 'பாம்பு நெளிவு' வேண்டாம், 'வால்வீச்சு' போதும். சில்லுக்கு அடியில் வைப்பது 'முட்டுக்கட்டை'. இங்கே லொறி கிளீனர்கள் 'கட்டை போடு' என்பார்கள், இரண்டையும் பதியலாம். கூரை மூட்டுவழி நீர் வருவது ஒழுக்கு, அதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. பேரிங்கும் கிரீஸும் அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும். இழுவை வீட்டுக்கு 'காம்பரா வண்டி' என்ற பரிந்துரையை மீளப்பெற முடியுமானால் நல்லது. எங்கள் சொல்லை நினைத்துப் பார்த்ததற்கு நன்றி, அந்த அன்பு விளங்குகிறது. ஆனால் காம்பரா என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இன்னும் குடும்பங்கள் சீவிக்கின்றன. நான் பிறந்ததும் அப்படியொன்றில்தான். விரும்பி வாங்கி, விடுமுறைக்கு இழுத்துப் போகும் ஒன்றுக்கு அந்தப் பெயர் என் வாயில் வராது.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து

---

அண்ணா, வணக்கம்.

'நாக்கு எடை'யைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நிறை, திணிவு விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. எங்க ஊர்ப் பக்கமும் பெரியவங்க 'வண்டி பின்பாரமா இருக்கு'ன்னு சொல்லிக் கேட்டிருக்கேன், எழுதும்போது நினைவுக்கே வரல. காம்பரா பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கணும்.

ஒரு சந்தேகம். முன்பாரத்தை நீங்கள் எப்படி நிறுத்துப் பார்த்தீர்கள்? விளக்கக் குறிப்பில் அதையும் சேர்க்கலாமா?

மதுரையிலிருந்து

---

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

நிறுத்தது கொழுந்துத் தராசில்தான். தோட்டத்து நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று, 100 கிலோ வரை காட்டும், தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். சமதரையில் நிறுத்தி, சில்லு இரண்டுக்கும் கட்டை போட்டு, கராஜின் குறுக்குவளையில் தராசைத் தொங்கவிட்டு அதில் கொண்டியை மாட்ட வேண்டும். கெப்பில் மாட்டும்போது கொண்டி எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் தொங்க வேண்டும். தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் அளவு மாறும். பயணத்துக்கு ஏற்றுகிற சாமான் அத்தனையும் உள்ளே இருக்க வேண்டும், தண்ணீரும்தான். தராசு இல்லாதவர்கள் குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி அதில் கொண்டியை இறக்கலாம், தராசின் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பை இப்படிப் போடுகிறேன், திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்:

முன்பாரம்: இழுவை வண்டி சமதரையில் நிற்கும்போது அதன் கொண்டி, இழுக்கும் வாகனத்தின் மேல் கீழ்நோக்கி இறக்கும் பாரம். கிலோவில் சொல்லப்படும். எதிர்: பின்பாரம். மாட்டு வண்டி வழக்கு.

கடைசி மூன்று சொல்லும் கட்டாயம் இருக்கட்டும்.