மூச்சு காணாமல் போன நொடி: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஆழ்நீர்:

ஆனாபானம், அதாவது மூச்சையே கவனிக்கும் பௌத்த தியானம், பழகுகிறவர்களுக்கு இது புரியும் என்பதால் முன்கதை வேண்டாம். மூச்சை எண்ணுவதை விட்டாயிற்று. மூக்கு நுனியில் காற்று படும் உணர்வு மட்டும்தான் மிச்சம். அது மெலிந்துகொண்டே போனது. உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சி, வெளியே வரும் காற்றின் வெதுவெதுப்பு என்ற வித்தியாசம் முதலில் போனது. அப்புறம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதே தெரியவில்லை. அப்புறம் எதுவுமே இல்லை.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்த நொடியைப் பற்றி. மூச்சு இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் பயம் இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, ஆனால் அவ்வளவு தெளிவான விழிப்பை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. "செத்துவிடுவோமோ" என்று ஒரு எண்ணம் எழுந்ததுதான் தாமதம், நெஞ்சு குபுக்கென்று ஏறி, வாய் தானாகத் திறந்து காற்றை இழுத்துவிட்டது. இதயம் படபடவென்று அடித்தது. வெகுநேரம் மறுபடி கண்ணை மூடவே மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவோ முறை உட்கார்ந்தாயிற்று. மூச்சு மெலிய ஆரம்பித்தாலே உடம்பு முன்கூட்டியே உஷாராகிவிடுகிறது. அந்த இடைவெளியை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் விடவில்லை.

வெண்புறா:

எனக்குப் பயம் வரவில்லை, ஒளி வந்தது. மூச்சு மறைந்த இடத்தில், மூக்குக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி, வெண்மையாக ஒரு ஒளி. யாரோ அறையில் விளக்கைப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தால் இருட்டு. மூடினால் அது அங்கேயே நிற்கிறது. அசையவில்லை. ஓரங்கள் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தன. மனம் ஒருமைப்படும்போது தோன்றும் அடையாளத்தை நிமித்தம் என்பார்களே, இதுதான் அதுவோ என்று அந்த ஓரத்தை உற்றுப் பார்க்கப் போனேன். அவ்வளவுதான், கரைந்துவிட்டது.

பரிகம்ம நிமித்தம் (தொடக்க அடையாளம்), உக்கஹ நிமித்தம் (மனதில் பதிந்தது), படிபாக நிமித்தம் (தெளிந்து நிற்பது) என்று மூன்று நிலை சொல்வார்களே, அதெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒளியின் நிறத்தையும் வடிவத்தையும் ஆராயப் போகக் கூடாது, மூச்சோடு அது ஒன்றாகும் வரை விட்டுவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். ஆனால் ஒன்று இன்னும் விளங்கவில்லை. நான் உற்றுப் பார்த்ததால் அது கரைந்ததா, அல்லது ஒருமை ஏற்கெனவே தளர்ந்துவிட்டதால்தான் உற்றுப் பார்க்கத் தோன்றியதா?

மௌனத்தடம்:

இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூச்சு மறைந்தது, ஒளி தெரிந்தது என்பதை வைத்து ஆழமான நிலைக்குப் பக்கத்தில் போய்விட்டதாக எடுத்துக்கொள்வது ஆபத்து. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்தேன், கண் விழித்தேன், நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காணோம். தலை சாயவில்லை, முதுகு நிமிர்ந்தே இருந்தது. சமாதி கூடிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எழுந்தபோது மனசு கூர்மையா இருந்துச்சா, மந்தமா இருந்துச்சா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னைத் துரத்துகிறது.

ரமணர் உபதேச உந்தியாரில் மனம் ஒடுங்குவதை இலயம், நாசம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். இலயித்த மனம் மறுபடி எழும். நாசமானது எழாது. மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்கும் என்று அதே நூலில் ஒப்புக்கொள்கிறார், ஆனால் அதை வழியாகத்தான் சொல்கிறார், முடிவாக இல்லை. ஒடுங்கியிருக்கும்போதே அதை ஒரு நெறியில் செலுத்த வேண்டும். ஆழ்நீர் ஏங்குகிற அந்த இடைவெளி இலயத்தின் வாசலாக இருந்தால், திரும்பத் திரும்ப அங்கே போய் என்ன பயன்?

கார்முகில்:

எனக்கு மூச்சு இல்லை, மந்திரம். மானசீக ஜெபம். நான் சொல்வதை நிறுத்திய பிறகும் அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். திடீரென்று பாதி எழுத்தில் நின்றது. முழுதாக முடிந்து நிற்கவில்லை, பாதியில். அந்த நிமிஷம் முதுகுத்தண்டில் ஒரு வெட்டு வெட்டி உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. அதன் பிறகு பெரிய அமைதி. குண்டலினி என்று ஒருவர் சொன்னார், நரம்புத் தளர்ச்சி என்று இன்னொருவர். எதையும் நான் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. அந்தப் பாதி எழுத்து மட்டும் காதில் நிற்கிறது.

நெடுவழி:

ஆழ்நீர், உங்களுக்கு நடந்தது எனக்கும் அப்படியே நடந்தது. நான் பயந்து எழுந்து அறைக்கு வெளியேயே போய்விட்டேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், நீளமாகப் போனாலும் படியுங்கள்.

5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த தியான நூல் இந்த இடத்தை நேராகவே பேசுகிறது. மற்ற தியானப் பொருள்கள் பழகப் பழகத் தெளிவாகும், மூச்சு மட்டும் பழகப் பழக நுணுகி, கடைசியில் தெரியாமலே போய்விடும் என்கிறது. அப்போது ஆசனத்தை விட்டு எழுந்து போகக் கூடாது. மாறாக இப்படி யோசிக்க வேண்டுமாம்: யாருக்கு மூச்சு இல்லை? தாயின் கருவில் இருப்பவருக்கு, நீரில் மூழ்கியவருக்கு, இறந்தவருக்கு, ஆழ்ந்த ஒருமையின் நான்காம் நிலையான நான்காம் தியானத்தில் இருப்பவருக்கு, இன்னும் இப்படிச் சிலருக்கு. நீ இவர்களில் யாரும் இல்லையே! அப்படியானால் மூச்சு இருக்கிறது, உன் கவனம்தான் அதன் அளவுக்கு நுணுகவில்லை. மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ அது வழக்கமாகப் படும் இடத்தில் கவனத்தை வைத்து இரு.

அதற்கு அந்நூல் சொல்லும் உவமை எனக்கு மிகவும் பிடித்தது. உழவன் மாடுகளை அவிழ்த்துவிட்டு நிழலில் இளைப்பாறுகிறான். மாடுகள் காட்டுக்குள் போய்விடுகின்றன. விவரம் தெரிந்தவன் தடம் பார்த்து அலைவதில்லை. கயிற்றையும் தார்க்குச்சியையும் எடுத்துக்கொண்டு நேராக அவை தண்ணீர் குடிக்கும் துறைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவையே வந்து சேரும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மூச்சு தெரியவில்லையே என்று வேண்டுமென்றே இழுத்து விடாதீர்கள். ஒருமை அங்கேயே உடையும். பயம் வந்தால் பயத்தையே கவனிப்பது, பர்மியத் துறவி மகாசி சயாதோவின் முறையைப் பழகுகிறவர்களின் வழி. "பயம், பயம்" என்று மனதுக்குள் குறித்துவிட்டு, நெஞ்சில் அது எங்கே இறுகுகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது. பயம் தணிந்த பிறகும் கவனம் அலைந்தால், கொஞ்ச நேரம் எண்ணிக்கைக்குத் திரும்புவதில் தப்பே இல்லை.

அப்புறம் மௌனத்தடம் அவர்களே, இலயத்தை இதோடு குழப்புகிறீர்கள். இலயத்தில் விழிப்பு இருக்காது. ஆழ்நீர் எழுதியதிலேயே "அவ்வளவு தெளிவான விழிப்பு" என்று இருக்கிறதே.

தெளிவு:

மருத்துவப் பின்னணி உள்ளவள் என்பதால் ஒன்றிரண்டு சேர்க்கிறேன். ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அமைதியில் அது குறையும், ஆழமும் குறையும். ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் படும் தொடுகையை நரம்புகள் கொஞ்ச நேரத்தில் பொருட்படுத்துவதில்லை. இரண்டும் சேர்ந்தால் மூச்சு இருந்தும் தெரியாது. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு நம்மைக் கேட்காமலே மூச்சை இழுக்க வைக்கும். ஆகவே சும்மா அமர்ந்திருப்பவர் இதனால் மூச்சு நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பஸ்திரிகா போல வேகமாக மூச்சு விட்டு அதன்பின் வரும் விரல் மரப்பை, உதட்டுக் கூச்சத்தை ஆழ்நிலை என்று எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்ததன் விளைவு அது.

என் அனுபவம் வேறு வகை. நீண்ட மௌன முகாம் ஒன்றில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண், இரவு முழுக்கத் தூங்காமல், "என் கை என்னோடது இல்ல" என்று என்னிடம் சொன்னாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முகாம் நடத்தியவர்கள் "நல்ல அறிகுறி, தொடர்ந்து உட்காருங்கள்" என்றார்கள். அந்த முகம் மறக்கவில்லை. லிண்டால், பிரிட்டன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் பழகியவர்கள் சொன்ன பயம், தூக்கமின்மை, தன்னுணர்வு மாறிப்போவது போன்றவை வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. தூக்கம் போய்விட்டால் பயிற்சியை நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மௌனத்தடம்:

நெடுவழி, விழிப்பு இருந்தது என்பது வெளியே வந்த பிறகு நினைவு சொல்வது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் எழுந்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று கேட்கிறேன். தெளிவு சொன்ன அந்தப் பெண்ணின் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன்.

கார்முகிலுக்கு ஒன்று. பதஞ்சலி யோக சூத்திரம் முதல் பாதத்தில் 31ஆவது சூத்திரம் உடல் நடுக்கத்தை மனச் சிதறலோடு கூட வருவதாகச் சொல்கிறது. விசுத்திமக்கமோ தியானத்தில் எழும் பிரீதி என்ற பரவசத்தின் ஐந்து வகைகளில் ஒன்று உடம்பையே தூக்கிவிடும் என்கிறது. ஒரே உதறல் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். உதறலுக்குப் பிறகு வந்த அமைதியில் மந்திரத்தைத் திரும்ப எடுக்க முடிந்ததா?

கார்முகில்:

முடிந்தது. நின்ற அந்தப் பாதி எழுத்திலிருந்தே தொடர்ந்தது. நான் தொடங்கவில்லை.