தங்கையை உயிரியல் படிக்க யாழ்ப்பாணம் அனுப்புவதா?

முத்தையன்கட்டு அண்ணன்:
தங்கை சாதாரண தரத்தில் 7 ஏ, 2 பி எடுத்திருக்கிறாள். உயிரியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். எங்கள் ஊர்ப் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும் மட்டுமே. அப்பா இல்லை. அம்மா கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகிறார். நான் அறுவடைக் காலத்தில் நெல் வெட்டும் இயந்திரத்தோடு அலைகிறேன். யாழ்ப்பாணத்தில் சித்தி இருக்கிறார். அங்கே தங்கினால் ரியூசனுக்கு நடந்தே போகலாம். ஆனால் போனால் பல்கலைக்கழகம் நுழைய முல்லைத்தீவுக்கு உள்ள மாவட்டக் கோட்டா பறிபோகும் என்று கடையில் ஒருவர் பயமுறுத்துகிறார். வீட்டு விலாசம் முல்லைத்தீவுதானே, பிறகென்ன?

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்:
தம்பி, கடையில் அவர் சொன்னது சரி. விலாசத்தைப் பார்ப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய 3 ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்பதே கணக்கு. உயர்தரம் முழுவதும் அங்கே என்றால் அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளையாகத்தான் போட்டியிடுவாள். மருத்துவம், விவசாயம் போன்ற துறைகளில் 40 வீத இடம் முழுத் தீவுக்கும் திறமைப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் அந்தப் பதினாறில் ஒன்றுதான். ஆனாலும் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, பொதுவாக முல்லைத்தீவைவிட அங்கே உயரம்.

என் வயிற்றெரிச்சல் வேறு. பொதுவான கலைப் பட்டப் படிப்புக்கு இந்த மாவட்டப் பங்கு கிடையாது. முழுத் தீவுத் தரவரிசைதான். விஞ்ஞானம் இல்லாத உங்கள் ஊர்ப் பிள்ளை வேறு வழியின்றிக் கலை எடுத்தால், கொழும்புப் பிள்ளையோடு நேருக்கு நேர் நிற்கிறாள். பின்தங்கிய மாவட்டம் என்று தந்த சலுகை, அதே மாவட்டத்தில் விஞ்ஞானப் பாடசாலைக்குப் பக்கத்தில் வீடுள்ள உத்தியோகத்தர் பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் போய்ச் சேருகிறது. நான் படிப்பித்த வகுப்பில் கூலி வேலைக்காரர் பிள்ளைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். என் பிள்ளைகளும் உத்தியோகத்தர் பிள்ளைகள்தான், மறைக்கவில்லை. உங்கள் மாவட்டத்திலேயே, புதுக்குடியிருப்பில் உயிரியலுக்குச் சேருங்கள்.

அறிவியல் நகர் மாணவி:
சேர் சொல்வது சரி, ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் அண்ணா. நானும் முல்லைத்தீவு மாவட்டத்தில் படித்துத்தான் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடத்துக்கு வந்தேன். இரசாயனவியல் அமைப்புக் கட்டுரையில் பரிசோதனை பற்றிக் கேட்பார்கள். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்தது ஒரே ஒரு அளவி, துளித்துளியாகத் திரவம் விடும் கண்ணாடிக் குழாய். அதன் திருகும் கசியும். சேர் நியமிப்புச் செய்ய, அதாவது நிறம் மாறும்வரை துளித்துளியாகக் கரைசல் சேர்த்து அளக்க, நாங்கள் 22 பேர் எட்டி எட்டிப் பார்ப்போம். பின்வரிசைக்குத் தெரிவது சேரின் முதுகு. 'நிலையான இளஞ்சிவப்பு' என்று மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளியும் வாங்கிவிட்டேன். இங்கே வந்து முதன்முதலாக நானே திருகைத் திறந்தபோது, ஒரு துளிக்குப் பதிலாக ஒரு வாய் விழுந்து, குடுவை பீற்றூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. விரிவுரை ஆங்கிலத்தில் என்பது அடுத்த அடி. கோட்டா உள்ளே விடும். மிச்சத்தை நாமே பார்க்க வேண்டும். தங்கையை இப்போதே ஆங்கிலம் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் அம்மா:
எல்லாம் சரி, பின்னேர ரியூசன் முடிந்து பிள்ளை எப்படி வீடு வருவாள்? எங்கள் பாதையில் இருட்டினால் யானை. என் மகளைப் பாதியில் நிறுத்தியது புள்ளியல்ல, கடைசி பஸ். பாடசாலைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை கேளுங்கள். வாடகைக்குப் பதில் அரிசி கொடுத்தாலும் வாங்குவார்கள்.

முத்தையன்கட்டு அண்ணன்:
எல்லோருக்கும் நன்றி. சித்தியிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். புதுக்குடியிருப்பில் அம்மாவோடு கச்சான் பிடுங்கிய ஓர் அக்கா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப் போகிறோம். எத்தனை மூட்டை என்று அம்மா இப்போதே கணக்குப் பார்க்கிறார். தங்கை என் பழைய சைக்கிளின் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறாள்.