நடந்துபோகும்போதோ சைக்கிளிலோ நேர்ந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத சம்பவம் உண்டா?

நடையன்
எங்கள் சந்திப்பில் மேம்பாலத்துக்காக வண்டிக் கணக்கெடுப்பு. மடியில் அட்டையோடு ஒரு பையன் கார், பஸ், லாரி, பைக் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பள்ளி விட்ட நேரம். பிள்ளைகள் அவன் முன்னாலேயே கூட்டமாக ரோட்டைக் கடக்கிறார்கள், பேனா அசையவில்லை. "இவங்களை எழுதலையா தம்பி?" என்றேன். அட்டையைத் திருப்பிக் காட்டினான். "இதுல அதுக்குக் கட்டம் இல்லை சார்." சைக்கிளுக்காவது பி.சி.யு. கணக்கில், அதாவது ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று போடும் கணக்கில், காரில் ஒரு பங்கு என்று ஏதோ கிடைக்கும். நடக்கிறவருக்கு அதுவும் கிடையாது. பாலம் வந்துவிட்டது.

வானதி_க
எனக்கு சிக்னல். அத்தைக்கு முட்டி வலி. பச்சை விழுந்த பிறகுதான் இறங்கினோம், பாதி ரோட்டிலேயே சிவப்பு மின்ன ஆரம்பித்துவிட்டது. என் கையை உதறிவிட்டு ஓடப் பார்த்தார். மாடிப்படி ஏறவே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவர்! அப்புறம் கணக்குப் போட்டேன். நடப்பவர் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துத்தான் பல இடங்களில் சிக்னல் நேரம் போடுகிறார்கள். 24 மீட்டர் ரோட்டுக்கு 20 விநாடி. அத்தை 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது, அவருக்கு 30 வேண்டும். அமெரிக்காவின் போக்குவரத்து சிக்னல் கையேடே 2009-ல் அந்த வேகத்தை 1.07-க்குக் குறைத்துவிட்டது.

சக்கரம்
வானதி, நேரத்தை நீட்டினால் பின்னால் பஸ் நிற்கும், அதில் ஐம்பது பேர் இருப்பார்கள். அதையும் யோசியுங்கள். என் கதை: புது சைக்கிள் பாதை, பச்சைப் பெயின்ட் பளபளக்கிறது. சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் 'பாதை முடிவு' என்று பலகை. ஒரு பக்கம் நிறுத்தியிருந்த கார், மறுபக்கம் ஹேண்டில்பார் உயரத்துக்கு லாரி டயர். அதன் சூடு முழங்காலில் பட்டது.

பழைய_பெடல்
சக்கரம், அந்த ஐம்பது பேரும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துதானே வீட்டுக்குப் போக வேண்டும்? பஸ்ஸை மறிப்பது அத்தையின் பத்து விநாடி இல்லை, முன்னால் ஆளுக்கொரு காராக நிற்கும் வரிசை. என்னை ஒரு கார்க் கதவு தள்ளிவிட்டது, சொல்ல அதிகமில்லை. ஆனால் உங்களுக்கு நடந்தது பெயின்ட் பிரச்சினை. துண்டு துண்டாகப் போட்டால் யாரும் ஓட்ட மாட்டார்கள். ஸ்பெயினின் செவியாவில் 2006-க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 80 கி.மீ. பாதையை, தடுப்பு வைத்து, ஒன்றோடொன்று இணைத்தே போட்டார்கள். கார் நிறுத்தும் இடங்களை எடுத்துத்தான் அதைச் செய்தார்கள். சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. அதனால், அடுத்த முறை உங்கள் பகுதியில் திட்டம் என்று வந்தால் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். நேர் ரோட்டை விடுங்கள், அங்கே எல்லோரும் அழகாகத்தான் வரைவார்கள். சந்திப்புக்குள் பாதை எப்படிப் போகிறது என்று மட்டும் பாருங்கள். நடப்பவருக்கு வண்டிகளுக்குச் சில விநாடி முன்பே பச்சை தரச் சொல்லுங்கள், ரோட்டு நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சின்ன மேடை கேளுங்கள். பட்ஜெட்டில் நடைபாதைக்கென்று தனித் தொகை இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு. 'நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம்' என்றால் வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிடுங்கள். வண்டி நிற்காமல் போக, வானதியின் அத்தை படி ஏற வேண்டுமா?

வானதி_க
எல்லாம் சரி, கதவு என்ன ஆச்சு?

பழைய_பெடல்
முழங்கை விலகிவிட்டது. இறங்கி வந்தவர் முதலில் கதவில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.