சின்ன எயார்போட்டில எண்ணெய் வித்து மாநகர சபை உழைக்கலாமா? மச்சான்ட கதையால வந்த சந்தேகம்

கல்லடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், ஒரு சந்தேகம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. என்ட மச்சான் ஒராள், பெரியம்மாட மகள முடிச்சவர், அமெரிக்காவில ஒரு சின்ன டவுணில இருக்கார். ரெண்டு மாசமா அந்த டவுணுக்குச் சொந்தமான எயார்போட்டில வேலை. எயார்போட் எண்டதும் நான் கட்டுநாயக்காவ நினைச்சன், வீடியோ கோல்ல பார்த்தா ஒரு ரன்வே, நம்மட சங்கக்கடை அளவில ஒரு ஒபிஸ், தகரக் கொட்டில்களுக்குள்ள இருபது முப்பது சின்னப் பிளேன், அவ்வளவுதான். மூலைல நம்மட பெற்றோல் செட்டில நிக்கிற மாதிரியே பிளேனுக்கு எண்ணெய் அடிக்கிற ஒரு பம்ப் நிக்குது, கார்ட் போட்டு அடிக்கிறது. ராவு ரெண்டு மணிக்கும் ஆராவது இறங்கித் தானே அடிச்சிட்டுப் போவானாம், காசு நேரா டவுண் சபைக்காம்.

அதக் கேட்டதில இருந்து மண்டைக்குள்ள ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கு. நம்மட மட்டக்களப்பிலயும் திமிலைதீவுப் பக்கம் ஒரு எயார்போட் கிடக்குத்தானே, சும்மா வெயில் காயுது. மாநகர சபை அதக் கேட்டு எடுத்து ஒரு எண்ணெய்ப் பம்ப் போட்டா, மாரில முழங்கால் தண்ணி நிக்கிற ஒழுங்கைகளுக்கு அந்தக் காசில வடிகான் வெட்டலாமே? எங்கட ஒழுங்கைல போன மழைக்குச் செருப்பக் கைல தூக்கிட்டுத்தான் திரிஞ்ச. சிரிக்காம பதில் சொல்லுங்க.

திமிலைதீவு மாஸ்டர்:

தம்பி, சிரிக்கல்ல, ஆனா முதல் ஆதனம் ஆர்ட எண்டு பார்க்கணும். இந்த எயார்போட் 1958ல திறந்தது, 1983ல எயார்போர்ஸ்ட கைக்குப் போச்சு, 2018ல மறுகா சிவில் பாவனைக்கெண்டு திறந்தாங்க. நடத்துறது எயார்போட் அன்ட் ஏவியேஷன் சேர்விசஸ் எண்ட அரசாங்கக் கம்பனி. அம்பாறைக்கெண்டு உகனையில கிடக்கிறதும் எயார்போர்ஸ்ட கையிலதான். டவுண் சபை எயார்போட் நடத்துற வழக்கமே நம்மட நாட்டில இல்ல, மாநகர சபைக்குச் சந்தைக் கடைகளோட இழுபடவே நேரம் சரி.

ரெண்டாவது, வாற பிளேனுக்கு நம்மட எண்ணெய் தேவையா எண்டு பாருங்க. இஞ்ச வந்து போறது செஸ்னா கரவன் மாதிரிச் சின்னச் சாமான். கட்டுநாயக்காவில இருந்து நேர்கோட்டில பார்த்தா 200 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்காது. கரவன் மணித்தியாலத்துக்கு 190 லீட்டர் அளவில குடிக்கும், டாங்கி 1,250 லீட்டர் மட்டில கொள்ளும். அப்ப போகவர 400 லீட்டர் காணும். அவன் அங்கயே அடிச்சிட்டு வருவான், இஞ்ச சனத்த இறக்கி ஏத்திட்டு அப்படியே கிறுகிப் போவான். என்னத்துக்கு உங்கட பம்ப தேடுறான்?

எனக்கு எழுபது தாண்டிட்டு. சின்ன வயசில பிளேன் இறங்குறத்தப் பார்க்க சைக்கிள உருட்டிட்டு ஓடின ஆள் நான், அதால சும்மா கிடக்குதெண்ட கவலை உங்களவிட எனக்குக் கூட. எண்டாலும் கணக்கு கணக்குத்தான்.

படுவான்கரைப் புள்ள:

மாஸ்டர் சொன்னது சரி. நான் அடுத்த பக்கத்தச் சொல்றன். ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம், இஞ்ச அமெரிக்காவில ஒரு சிட்டி எயார்போட் ஒபிசில ஏழு வருசமா பில் போடுறன். கல்லடித் தம்பி, உங்கட மச்சான் பம்ப மட்டும்தான் காட்டியிருக்கார், புல்லு வெட்டுறதக் காட்டல்ல போல 😄 ரன்வே ஓரம் புல்லு, லைட், வேலிக்குள்ள பூர்ற மான், பனி தள்ளுறது, இன்சூரன்ஸ், இதுகளுக்குப் போற காசக் கேட்டா பம்ப மறந்திருவீங்க.

எண்ணெயில லாபம் இருக்குத்தான், இல்லண்டு சொல்லல்ல. ஆனா விலைய நாம நினைச்சபடி வைக்க ஏலாது. எங்களுக்கு 25 மைல் தள்ளி இன்னொரு எயார்போட். ஒரு கோடைக்கு நாங்க கலனுக்கு 40 சதம் கூட்டினம், சிட்டி ஹோல்ல எல்லாரும் சந்தோசம். பைலட்மார் எங்க என்ன விலை எண்டு போனிலயே பார்ப்பாங்க, எயார்நாவ், ஃபோர்ஃபிளைட் எண்டு பைலட்மார் பார்க்கிற சைட், ஆப் எல்லாத்திலயும் கிடக்கு. எங்கட ஹாங்கர்ல, அதுதான் பிளேன் நிப்பாட்டுற கொட்டில்ல, நிக்கிற பிளேன்களே காலைல வெளிக்கிட்டுப் பத்து நிமிசத்தில அங்க போய் இறங்கி டாங்கி நிறைய அடிச்சிட்டு, நிப்பாட்ட மட்டும் எங்களிட்ட வந்திச்சு. யன்னலால பார்த்திட்டே இருந்த நான். செப்டெம்பர்ல பழைய விலைக்கே இறக்கினம்.

மறுகா ஸ்டொக். லொறி ஒரு நடைல 8,000 கலன் மட்டில கொண்டு வரும், முழு லோட் எடுத்தாத்தான் விலை வாய்க்கும். கணக்குக்குக் கலன் 5 டொலர் எண்டு வைப்பம், 40,000 டொலர் ஒரே நாள்ல நிலத்துக்குள்ள. கிழமைக்கு 300 கலன் ஓடினா முடிய ஆறு மாசம். அதுக்குள்ள சந்தையில விலை இறங்கினா பக்கத்து எயார்போட் புது விலைல விப்பான், நாம பழைய எண்ணெய வைச்சிட்டுக் கண்ணீர் விடணும்.

மாசம் முதலாம் திகதி நிச்சயமா வாற காசு ஹாங்கர் வாடகையும் காணிக் குத்தகையும்தான். எங்களிட்ட ஹாங்கருக்கு வெயிட்டிங் லிஸ்ட் கிடக்கு. அங்க ராவு தங்குற பிளேன்தான் மறுநாள் எண்ணெய் அடிக்கும், மெக்கானிக்குக்கு வேலை குடுக்கும், பறக்கப் பழகுற ஆக்களக் கொண்டு வரும். பம்ப போட்டா பிளேன் வரும் எண்டு நினைச்சீங்க பாருங்க, அங்கதான் பிழைக்குது. பிளேன் தங்கணும், அதுக்குப் பிறகுதான் பம்ப்.

வடிகான் கதைக்கு வாறன், அதுதான் உங்களுக்குக் கவலையா இருக்கப் போகுது. இஞ்ச எஃப்.ஏ.ஏ., அதுதான் விமானப் போக்குவரத்தப் பார்க்கிற அமெரிக்க அரசாங்க அமைப்பு, அதிட காசு எடுத்த எயார்போட் எண்டா, எயார்போட்டால வாற வருமானம் எயார்போட்டுக்கே போகணும் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுக்கணும். சிட்டிட றோட்டுக்கோ பார்க்குக்கோ அதில கை வைக்க ஏலாது. அந்தக் காச எடுக்காம இருக்கவும் ஏலாது, ரன்வேக்குத் திருப்பித் தார் போடுறதெண்டா செலவில வழமையா 90 வீதம் அவங்கதான் தாறது. எங்கட கவுன்சிலர் ஒராள் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் உங்கட கேள்வியையே கேப்பார், சிட்டி லோயர் ஒவ்வொரு முறையும் அதே பதில வாசிப்பார்.

ஆர் விக்கிறது எண்டதிலயும் சட்டம் இருக்கு. சிட்டி தான் மட்டும்தான் விக்கிறது எண்டு வைச்சிக்கலாம், ஆனா தன்ட சம்பள ஆக்களாலதான் அடிக்கணும். தனியார் ஒருத்தனுக்குக் குடுத்தா உனக்கு மட்டும்தான் எண்டு எழுதிக் குடுக்க ஏலாது. அப்படி வேற ஆள் வித்தா சிட்டிக்குக் கலனுக்கு இத்தின சதம் எண்டு ஒரு வரி மாதிரி வரும், சின்னக் காசு ஆனா தலையிடி இல்ல. பிளேன்காரன் தன்ட ஆக்கள வைச்சுத் தன்ட எண்ணெயக் கொண்டுவந்து தன்ட பிளேனுக்கு அடிக்கிறன் எண்டாலும் தடுக்க ஏலாது, பாதுகாப்புக்கு விதி வைக்கலாம், அவ்வளவுதான்.

காத்தான்குடி செட்காரன்:

வாப்பாட காலத்தில இருந்து செட் நடத்துற குடும்பம், அதால நானும் ஒரு வார்த்தை. தங்கச்சி சொன்ன ஸ்டொக் கதை அப்படியே நம்மட கதை. இஞ்ச 6,600 லீட்டர் பவுசருக்குக் காச முன்னுக்குக் கட்டணும், விலை குறையப் போகுதெண்டு ராவு செய்தி வந்தா நித்திரை போயிரும். விலை கூடின ராவு கதை வேற, அதப் பத்தி நான் ஒண்டும் சொல்ல மாட்டன் 🙂

தம்பிமாருக்கு 2022 ஞாபகம் இருக்கும்தானே, கியூஆர் கோட்டோட மூணு நாள் லைன்ல நிண்டது. அப்ப கட்டுநாயக்காவிலயே பிளேனுக்கு எண்ணெய் தட்டுப்பாடு, நம்மட நாட்டுப் பிளேன்கள் திருவனந்தபுரத்திலயும் சென்னையிலயும் இறங்கி அடிச்சிட்டுப் போச்சு. அந்த நேரம் மட்டக்களப்பில ஒரு பம்ப் இருந்திருந்தா முதல் வத்தியிருக்கும்.

என்ட கேள்வி தண்ணி. மாரில மேன்ஹோல் மூடியால டாங்கிக்குள்ள தண்ணி இறங்கும், நாம விடிய வெள்ளண அளவுக்கோல்ல பசை பூசி விட்டுப் பார்ப்பம், நிறம் மாறினா அடியில தண்ணி. காருக்குப் போனா றோட்டோரம் நிண்டிரும், ஆள் வந்து ஏசிட்டுப் போவான். பிளேன் எங்க நிக்கிற? அத எப்படிப் பார்க்கிறீங்க?

படுவான்கரைப் புள்ள:

காக்கா, அதுதான் சரியான கேள்வி. எங்கட லைன் பொடியன், பிளேனுக்கு எண்ணெய் அடிக்கிற ஆள், விடியவே செய்றது அதுதான். டாங்கிட அடி வால்வத் திறந்து ஒரு வெள்ள வாளிக்குள்ள ஒள்ளுப்பம் எடுப்பான். வெள்ள வாளி எண்டா ஊத்தை, துரு, தண்ணி எல்லாம் அடியில தெரியும், தண்ணி எண்டா முத்து முத்தா உருண்டு கிடக்கும். ஜெட் எண்ணெய்க்கு ஒரு சின்ன மாத்திரை மாதிரி டிடெக்டரும் இருக்கு, மஞ்சளா இருக்கிறது தண்ணி பட்டாப் பச்சைக்கு மாறும். லோட் இறங்கின உடன விக்க மாட்டம், அடைய விடணும். பம்ப் டாங்கிட அடியில இருந்து இழுக்காது, மிதவையோட மேல இருந்துதான் இழுக்கும், பிறகு தண்ணி பிரிக்கிற பில்டர். எல்லாத்தையும் கொப்பில எழுதணும். எழுதாட்டிச் செய்யல்ல எண்டுதான் கணக்கு.

நம்மட ஊருக்கு இதில ஒரு தனிக் கரைச்சல் இருக்கு. வாவிக்கரைச் சூடும் ஈரமும். ஜெட் எண்ணெயும் டீசல் மாதிரித்தான், அடியில தண்ணி நிண்டா தண்ணியும் எண்ணெயும் தொடுற இடத்தில பூஞ்சணம் வளரும், கறுத்த சளி மாதிரி, பில்டர அடைச்சிரும். ஓடாத டாங்கியிலதான் அது கூட. கிழமைக்கு ஒரு பிளேன் வாற இடத்தில 10,000 கலன் டாங்கி வைச்சா எண்ணெய் விக்கிறதில்ல, பாசி வளர்க்கிறதுதான்.

இன்னொண்டு, ரெண்டு வகை எண்ணெய். கார் மாதிரிப் பிஸ்டன் எஞ்சின் உள்ள சின்னப் பிளேனுக்கு 100 எல்எல் எண்ட அவ்காஸ், உடுப்புக்குப் போடுற நீலத்தக் கரைச்ச மாதிரி நிறம். கரவன் மாதிரி டர்பைனுக்கு ஜெட் எண்ணெய், மண்ணெண்ணெய்ட சொந்தக்காரன், நிறமில்ல இல்லாட்டி வைக்கோல் நிறம். மாறி அடிச்சா ஆள் சாவு. பிஸ்டன் பிளேனுக்கு ஜெட் எண்ணெய் போனா குழாய்க்குள்ள மிச்சம் கிடக்கிற நல்ல எண்ணெய்ல ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஏறும், ஏறின பிறகுதான் எஞ்சின் சாகும். அதால ஜெட் பம்ப்ட வாய் தாரா சொண்டு மாதிரி அகலம், அவ்காஸ் துவாரத்துக்குள்ள இறங்காது.

ரெண்டு வருசத்துக்கு முதல் எங்கட புதுப் பொடியன் ஒராள், லீவு நாள், ஒபிசுக்கு வந்து "வேற சின்ன வாய் இருக்கா, இது போகுதில்ல" எண்டான். என்ன பிளேன் எண்டு கேட்டா, எஞ்சின் மூடில டர்போ எண்டு எழுதிக் கிடக்கு, அப்ப ஜெட் தானே எண்டான். அந்த டர்போ எண்டது காத்த அழுத்தி உள்ள அனுப்புற பிஸ்டன் எஞ்சின்தான், டர்பைன் இல்ல. சொல்லவும் பயமா இருக்கு, பழைய பிளேன் சிலதுக்கும் ஹெலிக்கும் எண்டு வட்ட வாய் ஒண்டு எங்கட அலமாரிக்குள்ள உண்மையாவே கிடந்திச்சு. அண்டைக்கே அத எடுத்து மனேஜர்ட மேசை லாச்சில வைச்சுப் பூட்டினம். இப்ப கையெழுத்து வைச்சாத்தான் வெளிய வரும்.

திமிலைதீவு மாஸ்டர்:

அந்த அவ்காஸ்ல ஈயம் கிடக்குத்தானே புள்ள? அத நிப்பாட்டப் போறாங்களாமே?

படுவான்கரைப் புள்ள:

ஓம் சேர், 2030 முடியிறதுக்குள்ள ஈயம் இல்லாததுக்கு மாறணும் எண்டுதான் இஞ்ச இலக்கு. கலிபோர்னியாவில சான்டா கிளாரா கவுண்டி 2022ல தன்ட ரெண்டு எயார்போட்டிலயும் ஈய எண்ணெய் விக்கிறத நிப்பாட்டிப் போட்டுது, சுத்திவர வீடும் பள்ளிக்கூடமும். ஆனா 2024ல வந்த சட்டம், விக்கிற எயார்போட் மாற்று எண்ணெய் வரும்வரைக்கும் இல்லாட்டி 2030 முடியும்வரைக்கும் கைவிட ஏலாது எண்டு சொல்லுது. நடுவில நாங்க. புது டாங்கி வாங்குறதா, எந்த எண்ணெய்க்கு வாங்குறது எண்டு ஒவ்வொரு கூட்டத்திலயும் இதே கதைதான், தேத்தண்ணி ஆறும், முடிவு வராது.

கல்லடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வடிகான் ஆசை போச்சு, பரவால்ல. அக்கா சொன்ன மாதிரி பிளேன் தங்குறதுதான் முதல் எண்டா, ரத்மலானைல பறக்கப் பழக்குற பள்ளிக்கூடம் ஒண்டு இஞ்ச ரெண்டு சின்னச் செஸ்னாவ நிப்பாட்ட வந்தா என்ன மாதிரி? அதுகளுக்கு அவ்காஸ் வேணும், டாங்கி கட்டாம ஏலுமா?

படுவான்கரைப் புள்ள:

ஏலும். ரெண்டு செஸ்னாவுக்கு டாங்கி கட்டுறது விசர் வேலை, ஒண்டு மணித்தியாலத்துக்கு 25, 30 லீட்டர்தான் குடிக்கும். சின்ன இடங்கள்ல பரல்ல கொண்டு வந்து கைப்பம்பால பில்டர் வைச்சு அடிக்கிறாங்க. பரல நிமிர்த்தி வைக்காதீங்க, மூடில மழைத்தண்ணி தேங்கி உள்ள இழுக்கும், சரிச்சு வைக்கணும். பரலையும் பிளேனையும் வயரால இணைச்சிட்டுத்தான் மூடியவே திறக்கிறது, ஒரு பொறி காணும். மேல கூரை போடுங்க. காக்காட செட்டில இருந்து ஒராள அனுப்பினா ஒரு கிழமைல பழக்கலாம்.

காத்தான்குடி செட்காரன்:

என்ட சின்ன மகன் இத வாசிச்சிட்டு இப்பவே பேக் கட்டுறான்.

கல்லடிக்காரன்:

😂 மச்சானிட்டயும் கேட்டன், புல்லு வெட்டுறதா எண்டு. ரெண்டு மாசமா வேற ஒண்டும் செய்யல்லயாம், பம்பக் கிட்டப் போய்த் தொடவும் விடல்லயாம். அந்தத் தாரா சொண்டுப் படம் கேட்டிருக்கன், வந்தாப் போடுறன்.