தேனீப் புழுக்கள் பையாய்ச் சாகின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். களியக்காவிளை பக்கம் ரப்பர் தோட்டத்தில் 12 பெட்டி இந்தியத் தேனீ வளர்க்கிறோம். மூன்று பெட்டிகளில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கின்றன. இடுக்கியால் ஒன்றை எடுத்தால், தண்ணீர் கட்டிய பை மாதிரி தொங்குகிறது. 1991-92இல் கேரளத்திலும் எங்கள் பகுதியிலும் தேனீக்களைக் காலி செய்த, புழுக்களைப் பை போலாக்கிக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸேதான் என்கிறார் அப்பா. அப்போது வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்தவர் அவர்.

எனக்கு இன்னொரு பயம். வாசலிலேயே குளவிகள் தேனீயைக் கவ்விப் போகின்றன. தேனீயின் சிறகைச் சுருங்க வைக்கும் வைரஸ் குளவிகளிடமும் கண்டறியப்பட்டிருக்கிறதே, இதுவும் அப்படித் தாவுமா? பக்கத்தில் 4 பானை கொசுத்தேனீ (கொட்டாத சிறு தேனீ) இருக்கிறது. அவற்றைத் தள்ளி வைக்கவா? கெட்ட அடைகளை எரித்துவிடவா? மாதிரியை எங்கே கொடுத்துச் சோதிக்கலாம்? பட்டறிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.